ஆடு சம்பாதிக்க வேண்டாம், அம்மணி

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. பெங்களூரு வேலையை விட்டுவிட்டு, கோத்தகிரிப் பக்கம் அரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து, ஐந்து செம்மறியும் நாலு அங்கோரா முயலும் வாங்கி, நூல் நூற்று ஸ்வெட்டர் பின்னி விற்றுப் பிழைக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். உன் அப்பா கேட்டால் என்ன சொல்வார் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் முதலில் எனக்கு எழுதினாய்.

நான் உன்னைத் தடுக்கப் போவதில்லை. கம்பளி முடியைத் தொட்டுப் பழகிய கைக்கு இந்த ஆசை வராமல் இருக்காது. உன் திட்டத்தில் முதலில் ஒரு வரியை அடித்துவிடச் சொல்கிறேன். 'விற்றுப் பிழைப்பது' என்ற வரி. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழி வைத்துக்கொள். அது இருந்தால் ஆட்டிடம் போ.

ஏன் என்று கேட்பாய். கணக்காகவே சொல்கிறேன். எங்கள் நீலகிரிச் செம்மறி ஓர் ஆடு வருடத்துக்குத் தரும் முடி ஒரு கிலோவைத் தொடாது. முக்கால் கிலோ வந்தால் நல்ல ஆடு என்போம். அதில் வயிற்றுப்பக்க முடி, சாணி ஒட்டிய பின்பக்க முடி எல்லாம் கழியும். கழுவினால் மெழுகும் மண்ணுமாக மூன்றில் ஒரு பங்கு தண்ணீரோடு போகும். சீவும்போது இன்னும் கொஞ்சம். கடைசியில் பன்னிரண்டு பலம் கூடத் தேறாது என்று உன் அப்பத்தா கணக்கில் சொல்லலாம். உனக்குப் புரிகிற மாதிரி என்றால் 400 கிராம். வளர்ந்தவருக்கு ஒரு முழுக்கை ஸ்வெட்டருக்கு ஏறக்குறைய அரைக் கிலோ நூல் வேண்டும். உன் ஐந்து ஆட்டுக்கு வருடத்தில் நாலு ஸ்வெட்டர்.

இனி உன் கையின் கணக்கு. ஒரு ஸ்வெட்டருக்கான ஆயிரம் மீட்டர் இரட்டை இழை நூலுக்கு இரண்டாயிரம் மீட்டர் ஒற்றை இழை நூற்க வேண்டும், பிறகு சேர்த்து முறுக்க வேண்டும். பழகிய கைக்கே முப்பது மணி நேரத்துக்குக் குறையாது. பின்னுவதற்கு அதற்கும் மேலே. கத்தரிப்பு, கழுவல், சீவல் தனி. இவ்வளவையும் சேர்த்து நியாயமான கூலி போட்டு விலை சொன்னால், ஊட்டியில் திபெத்தியர் கடை வரிசையில் லூதியானாவிலிருந்து வந்த ஸ்வெட்டரைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிப் பழகியவர் உன்னை ஏற இறங்கப் பார்ப்பார். அவர்மேல் குற்றமில்லை. அவருக்குக் குளிருக்கு ஒரு சட்டை வேண்டும், அவ்வளவுதான்.

சரி, கூலி வேண்டாம், கையில் வந்த விலைக்குக் கொடுக்கிறேன் என்பாய். அப்போதுதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. ஒரு வருடம் மழை அதிகமாகி முடி கெட்டுப் போகும். ஒரு ஆட்டுக்கு வயதாகி முடி மெலியும். வாடகை கொடுக்க வேண்டிய தேதியில் அந்த ஆட்டை நீ பார்க்கிற பார்வை மாறும். சம்பாதித்துத் தராத ஆட்டுக்கு நம் நாட்டில் ஒரே வழிதான், சந்தை வழி. அங்கிருந்து எங்கே போகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேய்ச்சலையே தொழிலாகக் கொண்டவர்கள் அந்த வழியைத் தெரிந்தே வாழ்கிறார்கள், அவர்களை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். நீ அப்படி வாழ வரவில்லை. பேர் வைத்துக் கூப்பிட வருகிறாய். பேர் வைத்த ஆட்டிடம் வாடகைப் பணத்தை எதிர்பார்க்காதே.

என் வீட்டில் உன் மாமாவின் பென்ஷன் அடுப்பை எரிக்கிறது. அதனால்தான் என் கிழட்டுப் பெட்டை இன்னும் கொட்டகையில் படுத்து அசை போடுகிறது. அதற்கு முன்பற்கள் விழுந்துவிட்டன. புல்லைப் பொடியாக நறுக்கிப் போடுகிறேன். அதன் முதுகில் இப்போது வருவது ஒரு ஜோடிக் காலுறைக்குக்கூட ஆகாத முடி. ஆனாலும் அந்த ஆடு முன்னே நடந்தால்தான் மற்றவை கொட்டகைக்குள் நுழையும். இதையெல்லாம் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவாய்?

ஆகையால் வேலையை விடாதே. பாதி நேர வேலையாக மாற்ற முடிந்தால் மாற்று, வீட்டிலிருந்து செய்ய முடிந்தால் அப்படிச் செய். அது இல்லாமல் ஒரு குட்டியைக்கூட வாங்காதே.

இதைச் சொல்லிவிட்டேன். இனி ஆட்டைப் பற்றிப் பேசலாம்.

தமிழ்நாட்டில் செம்மறி ஏராளம், கம்பளி தருகிற செம்மறி குறைவு. மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வெம்பூர், சென்னைச் சிவப்பு எல்லாம் உடம்பை ஒட்டிய மயிர் ஆடுகள். அவற்றில் நூற்க ஒன்றுமில்லை. திருச்சிக் கருப்பும் நம் கோயம்புத்தூர்க் குறும்பையும் முடி தரும், ஆனால் முரட்டு முடி. தரைக்கம்பளத்துக்கும் மேய்ப்பர் போர்த்தும் கம்பளிக்கும் அதுதான் சரி, கழுத்தில் பட்டால் அரிக்கும். மென்மையான முடிக்கு மலைக்குத்தான் வர வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் நம் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத் டவுன் கிடாய்களைச் சேர்த்ததில் உருவானது நீலகிரி இனம். அதன் இழை சுமார் 27 மைக்ரான் தடிமன். மனிதத் தோலை உறுத்துவது 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழைகள் என்பதால் இதை உள்சட்டைக்கு மேல் தாராளமாகப் போடலாம். உதகைக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைக் காத்து வருகிறது. அங்கேயே நீலகிரியையும் மெரினோவையும் கலந்து சாண்டினோ என்ற இனத்தையும் உண்டாக்கினார்கள். கொடைக்கானல் மன்னவனூரில் 1965 முதல் மத்திய அரசின் நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே பாரத் மெரினோ. போய்ப் பார்த்துவிட்டு வா. வாங்குவதற்காக இல்லை. நல்ல முடி கைக்கு எப்படி இருக்கும் என்று விரல் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீலகிரி ஆடு இப்போது அருகிப் போன இனம். மேய்ந்த புல்வெளி தேயிலைக்கும் யூகலிப்டசுக்கும் வாட்டிலுக்கும் போய்விட்டது. முடியின் விலையோ பல நேரம் கத்தரிக்கிற கூலிக்கே காணாது. இதைக் கேட்டதும் உனக்கு வேகம் வரும், நானே இனத்தைப் பெருக்குகிறேன் என்பாய். வேண்டாம். இனப்பெருக்கம் என்பது பதிவேடு, வம்சாவளி, கிடாய் மாற்றுதல் என்று தனியான பொறுப்பு. அரை ஏக்கரில் ஆகாது. பிறக்கிற குட்டிகளில் பாதி கிடாயாக இருக்கும், அத்தனையையும் நீ வைத்துக்கொள்ள முடியாது. மறுபடியும் சந்தைக்கே வந்து நிற்பாய்.

நீ வாங்க வேண்டியது காயடித்த கிடாய்கள். மேய்ப்பருக்கு எப்படியும் தேவைக்கு மேற்பட்ட கிடாய்க்குட்டிகள் உண்டு. கறிக்குப் போக இருப்பவற்றில் மூன்றை எடுத்துக்கொள். காயடித்த கிடாய்க்குச் சினையும் இல்லை, பாலும் இல்லை, முட்டிச் சண்டையும் குறைவு. தின்பதெல்லாம் உடம்புக்கும் முடிக்கும் போகும். பெட்டையின் முடியில் குட்டி போட்ட காலம் ஒரு நலிவாகத் தெரியும், இழுத்தால் அந்த இடத்தில் அறும். காயடித்த கிடாயின் முடி அடிமுதல் நுனிவரை ஒரே சீராக இருக்கும். நூற்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மூன்றுக்குக் குறையாதே. செம்மறி மந்தையில் வாழப் பிறந்தது. தனியாக விட்டால் கத்திக் கத்தித் தீவனத்தை மறக்கும். மூன்றுக்கு மேலும் போகாதே, அரை ஏக்கர் தாங்காது.

நீ நினைத்த இடம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டியது என்று எழுதியிருந்தாய். இது மிக முக்கியம், கவனமாகப் படி. மழைக்காலத்தில் தேயிலைக்குக் கொப்புள நோய் வரும். அதற்குத் தாமிர மருந்து அடிப்பார்கள். மாடு தாங்குகிற அளவு தாமிரத்தைச் செம்மறி தாங்காது. அதன் ஈரலில் சேர்ந்துகொண்டே இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு நாள் கண் மஞ்சளாகிச் சிறுநீர் கறுத்து விழுந்துவிடும். அப்போது வைத்தியத்துக்கு நேரம் இருக்காது. மருந்து அடித்த தோட்டத்து ஓரப் புல்லை மேய விடாதே, அறுத்தும் போடாதே. மாட்டுக்கு விற்கிற தாது உப்பையும் கலப்புத் தீவனத்தையும் அதே காரணத்துக்காகச் செம்மறிக்குக் கொடுக்காதே. கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதான்' என்பார். ஒன்றில்லை. வேலியோரம் உண்ணிச்செடி இருந்தால் வேரோடு பிடுங்கு, அதுவும் ஈரலைத்தான் தாக்கும்.

கொட்டகையைப் பரண் மேல் கட்டு. பலகைச் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி விட்டால் புழுக்கையும் சிறுநீரும் கீழே விழும், குளம்பு காய்ந்திருக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் குளம்பு அழுகல்தான் முதல் எதிரி. பக்கச் சுவரை மூங்கில் தட்டியோடு விட்டுவிடாதே. சிறுத்தை கோத்தகிரியில் வீட்டு வாசலுக்கே வருகிறது. கம்பிவலை, உள்தாழ்ப்பாள், கூரை எல்லாம் கெட்டியாக இருக்கட்டும். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அடைத்துவிடு. ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி தடுப்பூசிகளை அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் காலத்தில் போடு. கீழ் இமையை இழுத்து உள்பக்க நிறத்தைப் பார்க்கப் பழகு. சிவந்திருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் குடற்புழு இரத்தத்தைக் குடிக்கிறது என்று அர்த்தம். இமை வெளுத்த ஆட்டுக்கு மருந்து கொடு. மந்தைக்கே மாதா மாதம் கொடுத்துக்கொண்டிருந்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும்.

முயலைப் பற்றி. அங்கோரா முயலை இப்போது வேண்டாம் என்பேன். முடி அழகு, ஒத்துக்கொள்கிறேன். செம்மறி முடியைவிடப் பாதித் தடிமன்தான் இருக்கும், சூடும் அதிகம். ஆனால் இரண்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கத்தரிக்க வேண்டும். நடுவில் சீவாமல் விட்டால் சடை பிடித்துத் தோலை இழுக்கும். தன்னை நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி, முடியை விழுங்கிவிடும், முயலால் வாந்தி எடுக்க முடியாது. குடலில் அடைத்துச் சாகும். வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் தவிக்கும். இமாசலத்துக் குலு பக்கம் தலைமுறையாகச் செய்கிறார்கள், அவர்களுக்கு ஊரும் கையும் பழகியிருக்கிறது. வேலையும் பார்த்துக்கொண்டு ஆட்டையும் பழகப் போகிற உனக்கு இது சுமை. அங்கோரா இழைக்குத் துள்ளல் கிடையாது, தனியாகப் பின்னினால் சட்டை தொங்கிவிடும், எப்படியும் செம்மறி முடியோடு கலக்கத்தான் வேண்டும். அந்தக் கொஞ்சத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

கத்தரிப்பை ஒரு மேய்ப்பரிடம் நேரில் கற்றுக்கொள். எழுத்தில் சொல்ல வராது. சில விஷயங்கள் மட்டும்: முடி ஈரமாக இருக்கும் நாளில் கத்தரிக்காதே, முதல் நாள் இராத்திரி தீவனம் போடாதே. ஆட்டைப் பின்பக்கம் ஊன்றி உட்கார வைக்கும்போது நிறைந்த வயிறு மூச்சை முட்டும். கத்தரி ஓடும் இடத்தில் தோலை இடது கையால் இழுத்துப் பிடி. விட்ட முடியைத் திரும்பப் போய் ஒட்ட வெட்டாதே. அந்தக் குட்டை முடிதான் பிறகு நூலில் முண்டு முண்டாக நிற்கும்.

கழுவுவதில் எல்லோரும் பயப்படுகிறார்கள். பயமே வேண்டாம், பொறுமைதான் வேண்டும். முடியில் உள்ள மெழுகு கரைய நல்ல வெந்நீர் வேண்டும், கை வைத்தால் பொறுக்க முடியாத சூடு. பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கரைத்த நுரைத் தண்ணீர் போதும். முடியை அதில் அமுக்கி விட்டுவிடு. கிண்டாதே, பிழியாதே, குழாய்த் தண்ணீரை அதன்மேல் திறக்காதே. சூடும் அசைவும் சேர்ந்தால் முடி ஒன்றோடொன்று பின்னிப் பாய் மாதிரி இறுகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். இங்கே மழைக்காலத்தில் முடி காய வாரம் ஆகும், முடை நாற்றம் பிடிக்கும். மாசி, பங்குனி வெயிலுக்கு வைத்துக்கொள். நன்றாகக் காய்ந்த பிறகு வசம்பும் வேப்பிலையும் போட்டுத் துணிப்பையில் கட்டு. அப்படியும் மாதம் ஒருமுறை பிரித்து வெயில் காட்டு. அந்துப்பூச்சிக்கு இருட்டும் அசையாத மூட்டையும் பிடிக்கும்.

சீவுவதற்குக் கம்பிப் பல் வைத்த கார்டிங் பலகை ஒரு ஜோடி வேண்டும். அது கிடைக்கும்வரை நாய்க்கு முடி சீவுகிற கம்பி பிரஷ் இரண்டு வாங்கிக்கொள், நன்றாகவே வேலை செய்யும். நூற்பதற்கு நீ ராட்டை வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். காதி பெட்டி ராட்டை பருத்திக்காகச் செய்தது. குட்டை இழைப் பருத்திக்கு வேண்டிய வேகமும் முறுக்கும் கம்பளிக்கு அதிகம். புதிய கை அதில் கம்பளி நூற்றால் கயிறுதான் வரும். முதலில் மரத்தக்ளி. பருத்திக்கான சின்னப் பித்தளைத் தக்ளி இல்லை, கொஞ்சம் கனமான வட்டு வைத்தது. தக்ளியில் கை வேகத்தை நீயே வைத்துக்கொள்கிறாய். முறுக்கு ஏறுவதை விரல் உணர நேரம் கிடைக்கும். நூற்றதை அவ்வப்போது தளர விட்டுப் பார். தானாக மடிந்து ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். இரண்டு இழையைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால் நூல் எப்படி இருக்குமோ அது அங்கேயே தெரிந்துவிடும்.

இவ்வளவையும் ஆடு வாங்குவதற்கு முன்பே பழகு. ஒரு வருடம் என் ஆட்டு முடியைக் கழுவு, நூற்றுப் பார், பின்னு. கையில் பொறுமை இருக்கிறதா என்று முடியிடம் தெரிந்துகொள்வது நல்லது. உயிர் உள்ள ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அதைச் சோதிப்பது நியாயமில்லை.

நிறத்துக்கு ரசாயனம் தேடாதே. மலையெல்லாம் யூகலிப்டஸ் நிற்கிறது. புல்வெளியைத் தின்ற மரம் என்று எனக்கு அதன்மேல் வருத்தம் உண்டு, ஆனால் கம்பளிக்கு அதன் இலை தருகிற நிறத்துக்கு ஈடில்லை. படிகாரம்கூட வேண்டாம். இலையை ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரில் முடியை மெதுவாகச் சூடேற்றினால் மஞ்சள் பழுப்பிலிருந்து செங்காவி வரைக்கும் ஏறும். மரத்துக்கு மரம் மாறும். எந்த மரத்து இலை என்று எழுதி வை.

இனி உடுப்பு. உன் முதல் ஸ்வெட்டரைக் கழுத்திலிருந்து கீழாகப் பின்னு. போட்டுப் பார்த்துப் பார்த்துப் பின்னலாம், கை நீளம் போதாவிட்டால் பின்னால் நீட்டலாம், முழங்கை கிழிந்தால் கையை மட்டும் பிரித்துத் திரும்பப் பின்னலாம். அளவுக்கு எலிசபெத் சிம்மர்மன் என்ற பின்னல்காரர் ஒரு வழி வகுத்துக் கொடுத்திருக்கிறார். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர், 1999இல் மறைந்தார். மார்புச் சுற்றுக்கு வருகிற கண்ணிகளை நூறு பங்கு என்று வைத்துக்கொள். மணிக்கட்டுக்கு 20 பங்கு, மேல்கைக்கு 33 முதல் 35, கழுத்துக்கு 40. மார்புக்கு 200 கண்ணி என்றால் மணிக்கட்டுக்கு 40, கழுத்துக்கு 80. யாருடைய மாதிரிப் புத்தகமும் இல்லாமல், உன் நூலின் தடிமன் எதுவாக இருந்தாலும், இந்தக் கணக்கு நிற்கும். கையால் நூற்ற நூல் கடை நூலின் அளவில் வராது என்பதால் நமக்கு இது பெரிய உதவி. ஆனால் முதலில் ஒரு சாண் சதுரம் பின்னி, கழுவி, காயவைத்து, பிறகு கண்ணிகளை எண்ணு. கழுவாத சதுரத்தை நம்பாதே.

பின்னியதைப் போடு. பெட்டியில் மடித்து வைக்காதே. உன் அப்பாவுக்கு என்று பின்னினால், கோயம்புத்தூரில் அதை மார்கழியில் சில விடியற்காலைதான் போடுவார், அதை யோசித்துக்கொள். சமவெளி மனிதருக்குக் கம்பளியைவிடக் கையால் நூற்ற பருத்தித் துண்டே மேல். நம் கருங்கண்ணிப் பருத்தி கிடைத்தால் அதை நூற்றுப் பார், பெட்டி ராட்டைக்கு அப்போது வேலை வரும். யாருக்கு, எந்த ஊரில், எந்த மாதத்தில் என்று கேட்டுக்கொண்டு ஊசியை எடு.

தோடர் பூவேலை உருவங்களை ஸ்வெட்டரில் போட்டால் நன்றாக விலை போகும் என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அது வேண்டாம், கண்ணு. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும் நூலால், வரைந்து வைக்காமல், துணியின் இழையை எண்ணி எண்ணித் தோடர் பெண்கள் இடுகிற வேலை அது. எருமைக் கொம்பும் மலையும் அதில் உருவமாக வரும். அவர்கள் வாழ்வே எருமையோடு. அந்த வேலை இட்ட பூத்துக்குளி என்ற போர்வையைத் திருநாளுக்குப் போர்த்துகிறார்கள், இறந்தவரையும் அதில் சுற்றித்தான் அனுப்புகிறார்கள். 2013இல் அந்தப் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பிடித்திருந்தால் அவர்களிடமே வாங்கு, விலை பேசாமல் வாங்கு. உன் ஸ்வெட்டருக்கு உன் கையிலிருந்து ஏதாவது உருவம் வரும், காத்திரு.

கூட்டத்தைப் பற்றிக் கேட்டாய். தனியாகச் செய்தால் சலித்துவிடும் என்று நீ சொல்வது சரி. எங்கள் ஊரில் வியாழக்கிழமை மத்தியானம் நாங்கள் கூடுகிறோம். எஸ்டேட்டில் கணக்கு எழுதியவரின் மனைவி, ஓய்வு பெற்ற நர்ஸ், பக்கத்து ஹட்டியிலிருந்து வருகிற இரண்டு படகப் பெண்கள், காலேஜ் போகிற ஒரு பெண், நான். அங்கே எனக்குப் பிடித்தது பிரிக்கிற வேலைதான். ஒருத்தி தப்பாய்ப் பின்னியதைப் பிரிப்பாள், இன்னொருத்தி நூலை முழங்கையில் சுற்றிச் சிட்டம் போடுவாள். பிரிக்கிறவள் தனியாக இருந்தால் அழுதிருப்பாள். கூட்டத்தில் அது ஒரு வேலை, அவ்வளவுதான். நூலுக்கும் சேதமில்லை. வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் தொங்கவிட்டால் சுருள் போய் நேராகிவிடும்.

பெரிதாகக் கூடுவதற்கும் ஒரு அழகு உண்டு. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். வீட்டு வேலை முடித்த பிறகு ஊசி எடுக்கிற பெண்கள் அவரவர் வீட்டில் பின்னிய துண்டுகள் அவை. எந்த ஒருத்தியும் தன் துண்டை அங்கே தேடிக் கண்டுபிடித்திருக்க முடியாது. எனக்கு அந்தச் செய்தியில் பிடித்தது அதுதான்.

ஆனால் எந்தக் கூட்டத்திலும் இரண்டு நோய் வரும், நீ சின்னவள், சொல்லி வைக்கிறேன். ஒன்று வாங்கிக் குவிப்பது. ஒருத்தி புது ஊசி வாங்கினால் எல்லோருக்கும் வேண்டும். பின்னுவதைவிட வாங்குவது சுலபம், அதே சந்தோஷம் தருகிற மாதிரியும் இருக்கும். பீரோ நிறைய நூல் இருக்கிறவள் வருடத்துக்கு ஒரு தொப்பி முடிக்க மாட்டாள். இருக்கிற நூல் தீராமல் புதிது வாங்காதே. இன்னொன்று, தெரிந்தவர்கள் புதியவளிடம் காட்டுகிற மிடுக்கு. 'இப்படியா ஊசி பிடிப்பாங்க' என்று ஒரு சொல் போதும், அந்தப் பெண் மறுவாரம் வர மாட்டாள். ஊசி பிடிக்க ஊருக்கு ஒரு வழி உண்டு. கண்ணி நேராக விழுந்தால் எல்லா வழியும் சரி. உனக்கு யாராவது அப்படிச் சொன்னால் பொருட்படுத்தாதே. நீ தேர்ந்த பிறகு யாரிடமும் அப்படிச் சொல்லாதே.

ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்குத் தொப்பி பின்னிக் கொடுக்க உங்கள் ஆபீஸ் தோழிகள் ஆசைப்படுவதாக எழுதியிருக்கிறாய். நல்ல காரியம். பின்னுவதற்கு முன் அங்கே நர்சிடம் கேளுங்கள். பிசிறு உதிர்கிற நூல் பச்சைக் குழந்தைக்கு ஆகாது, வெந்நீரில் துவைக்கத் தாங்காத கம்பளி அங்கே ஒரு நாள் தாங்காது. அநேகமாக அவர்கள் பருத்தி நூல்தான் கேட்பார்கள்.

வீட்டில் சொல்வதைப் பற்றி: உன் அப்பாவிடம் நான் பேசுகிறேன். நீ வேலையை விடவில்லை, ஒரு வருடம் ஆடு வாங்கவில்லை என்று தெரிந்தால் அவர் கோபம் பாதி அடங்கிவிடும். மீதிப் பாதியை நான் பார்த்துக்கொள்கிறேன், என் அண்ணன்தானே. குத்தகை முன்பணம் மட்டும் இப்போது கொடுத்துவிடாதே. ஆடி மழையில் ஒருமுறை போய் அந்த இடத்தில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துவிட்டுக் கொடு.

பார்சல் ஒன்றைச் சனிக்கிழமை பெங்களூரு பஸ்ஸில் அனுப்புகிறேன். கழுவிக் காயவைத்த முடி ஒன்றரைக் கிலோ, மரத்தக்ளி, பழைய கார்டிங் பலகை ஒரு ஜோடி, பூந்திக்கொட்டை ஒரு பை. கழுவாத முடியும் கொஞ்சம் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன், அதை நீயே கழுவிப் பார். முதலில் நூற்கிற சிட்டத்தில் தடித்த இடம், மெலிந்த இடம் எதையும் வெட்டி எறியாமல் அப்படியே எனக்கு அனுப்பு, முறுக்கு எங்கே ஏறுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். வருடம் கழிந்து, முடி தீர்ந்து, இன்னும் வேண்டும் என்று நீ கேட்டால், மேய்ப்பரிடம் மூன்று கிடாய்க்குட்டிகளுக்குச் சொல்லி வைப்பேன். காயடிப்பதைக் குட்டிப் பருவத்திலேயே கால்நடை மருத்துவரைக் கொண்டு செய்துவிடுவோம். அதற்கான செலவு அத்தையுடையது.

அன்புடன்,
அத்தை